கழிவு போக

காலை ஐந்தேகால், கருங்கல்பாளையம்.
ஜமக்காளக் கிடங்குக்கு மேலே இரண்டாம் மாடி.
ஷட்டரைத் தூக்கும்போதே தெரிந்துவிடும்
இன்றைக்கு முதுகு எந்த மனநிலையில் இருக்கிறதென்று.

பகலில் நான் மஞ்சள் மண்டியில் எடை எழுதுகிறவள்.
விரலி தனி, கிழங்கு தனி.
சாக்குக்குக் கழிவு போட்டபின்தான்
நிகர எடை என்று ஒன்று வரும்.
இங்கே கழிவு கிடையாது.
வெறுங்கம்பியே இருபது கிலோ,
அதையும் சேர்த்துத்தான் தூக்கியாக வேண்டும்.

ரூபிணி தட்டு மாட்டுகிறாள், பக்கத்துக்கு நாற்பது.
"கிளிப் போட்டியா புள்ள?"
"போட்டாச்சுங்க்கா, ரெண்டு பக்கமும்."
போன மாசம் ஒரு பக்கம் மறந்து
தட்டு உருண்டு தண்ணிக் கேனை உடைத்தது.
அன்றிலிருந்து கேட்பேன்.
கேட்டபின் குனிந்தும் பார்ப்பேன்.

செருப்பு வேண்டாம், பஞ்சு வைத்த ஷூவும் வேண்டாம்,
உழுத காட்டில் நிற்கிற மாதிரி ஆடும்.
வெறுங்கால்.
செருப்பு வார் போட்ட தழும்பு இருக்கிறதே, நடுப்பாதம்,
கம்பி அதற்கு நேர் மேலே.
இனி கம்பி நகராது, நான்தான் அதனிடம் போக வேண்டும்.
பிடித்தேன். முழங்கால் மடங்கி
முன்னெலும்பு இரும்பைத் தொட்டதும் நின்றேன்.
இரண்டு அக்குளிலும் ஆளுக்கொரு கணக்கு நோட்டு,
விழுந்தால் முதலாளி திட்டுவார்.
மூச்சு நெஞ்சுக்கு அல்ல, வயிற்றுக்கு,
இடுப்பு நாடா சுற்றிலும் இறுகுமளவு.
லாரிக் கயிறு விறைக்கிற மாதிரி
'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.
அதற்குப் பிறகு இழுக்கவில்லை,
தரையை மிதித்துத் தள்ளினேன்.

ஒன்று.
காலோடு உரசி, முட்டி தாண்டி, தொடையோடு வந்து நின்றது.
வந்த வழியே இறக்கினேன், இடுப்பைப் பின்னால் விட்டு.
இரண்டு.

சென்னியப்பன் ஒருநாள் கேட்டார், எங்கள் லோடுமேன்,
"ஏனுங்க்கா, காசு குடுத்தா மூட்டை தூக்கறீங்க?
இங்க வந்தா நாங்க காசு தருவமுங்களே!"
மண்டியே சிரித்தது, நானும்தான்.
அப்புறம் அவரைக் கவனித்தேன்.
காலை எட்டு மணிக்கு அவர் முதுகு அளவுகோல்.
மூட்டை வயிற்றோடு ஒட்டி ஏறுகிறது.
பொழுது சாய்ந்து மூணு மணிக்கு மேல்
அதே மூட்டை, அதே ஆள்,
முதுகு மட்டும் அரிவாள்.

மூன்று.
இடுப்பு முந்திக்கொண்டது.
கம்பி முட்டிக்குக் கீழேயே யோசிக்கிறது,
என் முதுகில் மூணு மணி.
"விட்டுருங்க்கா!"
விட்டேன்.
கட்டடம் அதிர்ந்தது. கீழே காவல்காரர்
யாரையோ, அநேகமாக என்னை, வைதார்.

பாட்டிலில் சாத்தி வைத்த போனில் பார்த்தோம்.
பொய்யே இல்லை, கொக்கி மாதிரி ஒரு பெண்.
ரூபிணி ஒன்றும் பேசாமல்
பக்கத்துக்கு ஐந்து கழற்றினாள்.

உள்ளங்கை ரேகைகளில் நேற்றைய மஞ்சள் போகவேயில்லை,
அதன்மேல் பிடிக்கான வெள்ளைப்பொடி, வியர்வை.
செக்கச்செவேலென்று ஆகிவிட்டது கை.
ஆரத்தி எடுக்க இனி ஒறம்பரை யாரும் வரவேண்டாம்.

தொண்ணூறு. ஐந்து தடவை.
ஐந்துக்கும் இடையில் கம்பியைத் தரையில் நிறுத்தி,
மூச்சைப் புதிதாக வாங்கி,
ஒவ்வொன்றையும் முதல் மூட்டையாக எடுத்தேன்.

நோட்டில் எழுதினேன், மண்டிக் கையெழுத்தில்:
நூறு, வரவு இரண்டு, கழிவு ஒன்று.
தொண்ணூறு, வரவு ஐந்து.
எட்டிப் பார்த்தாள் ரூபிணி.
"அந்த மூணாவதையும் வரவுல போடுங்க்கா,
பாதி வந்துச்சல்லோ?"

"சாக்குந்தான் தராசுல ஏறுது," என்றேன்,
"அதுக்குக் காசு குடுக்கறமா புள்ள?"